துப்பாக்கிக்கு வயது என்ன?

புதுச்சேரி கடற்கரையில் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. 1914-18 போரில் பிரான்சுக்காக உயிர் விட்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக எழுப்பியது.

அப்போரில் பிரெஞ்சுக் காலாட்படை பெரும்பாலும் பிடித்தது 'லெபெல்' துப்பாக்கி. 1886-ல் வந்தது. ஒவ்வொரு முறை சுட்டதும் கைப்பிடியை இழுத்துத் தள்ள வேண்டும்!

அதன் வயதை எப்படி அறிவது? இரும்பைப் படிக்க வேண்டும். இடப்பக்கம் சேந்த் எத்தியேன், ஷாத்தெல்ரோ, துல் என்று தொழிற்சாலைப் பெயர் இருக்கும். குழலில் ஆண்டு இருக்கும்.

நம் நாட்டு இஷாப்பூர் '303' துப்பாக்கியும் அப்படியே. கிரீடமும் 'ஜி.ஆர்.ஐ.' எழுத்தும் இருந்தால் ஜார்ஜ் மன்னர் முத்திரை. அசோகச் சிங்கம் இருந்தால் சுதந்திரத்துக்குப் பிந்தியது. ஆனால் ஏமாறக் கூடாது. பழுது பார்த்தபோது குழலை மாற்றியிருப்பார்கள். உடம்புக்கு ஒரு வயது, குழலுக்கு ஒரு வயது!

பழைய வீட்டுப் பரணில் இப்படி ஒன்று அகப்பட்டால்? ஒளிக்கக் கூடாது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி குற்றம். போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். துருவைப் போக்குவதாக உப்புத்தாள் போட்டால் முத்திரையும் போய்விடும்.

அதிகாரிகளும் அதை அழிக்குமுன் அந்த எழுத்தையும் ஆண்டையும் ஒரு நோட்டில் குறிக்கட்டும். அபூர்வமானதைச் சுட முடியாதபடி செய்து காட்சிசாலைக்கு அனுப்பட்டும். இதற்கு என்ன பெரிய செலவு?