நாய்க்குட்டியும் ஸ்வீகாரமும்

தெரு நாய்களைப் பற்றிச் சுப்ரீம் கோர்ட்டு 2025-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 22-ந் தேதி பிறப்பித்த உத்தரவு தேசமெங்கும் பெரும் விவாதத்தை எழுப்பியது. அதற்குப் பதினொரு தினங்களுக்கு முன்னர், டில்லியிலும் அதனைச் சூழ்ந்த நகரங்களிலும் உள்ள தெரு நாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும் என்று அதே கோர்ட்டின் இரண்டு நீதிபதிகள் உத்தரவிட்டிருந்தார்கள். மூன்று நீதிபதிகள் அடங்கிய பெஞ்சு அதைத் திருத்தியது. வெறிநோய் கண்டவையும் மூர்க்க குணமுள்ளவையும் நீங்கலாக, மற்ற நாய்களுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்பது திருத்திய உத்தரவு. நாய்கள் தெருவில் இருக்கலாமா, கூடாதா என்று இரு கட்சியாரும் தொண்டை கட்டும் வரையில் வாதாடினார்கள். அந்த இரைச்சலில் உத்தரவின் மற்றொரு ஷரத்து போதிய கவனம் பெறவில்லை. பிராணிகளிடத்தில் அன்புள்ளவர்கள் தெரு நாயைத் தத்து எடுத்துக்கொள்ள நகரசபைக்கு விண்ணப்பம் செய்துகொள்ளலாம். அப்படி எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எடுத்தவரையே சாரும் என்பது அந்த ஷரத்து.

இந்த ஒரு ஷரத்தில்தான் ஒவ்வொரு குடும்பஸ்தரும் தாமே செய்யக்கூடிய காரியம் அடங்கியிருக்கிறது. வீட்டிலே நாய் வளர்க்க விரும்புகிறவர், குட்டி விற்கும் வியாபாரியிடம் போகாமல், கேட்பாரற்றுக் கிடக்கும் குட்டியை ஏற்று வளர்க்க வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

ஸ்வீகாரம் என்ற சொல் நம்மவர்க்குப் புதிதன்று. ஹிந்துக்களின் ஸ்வீகாரத்தைப் பற்றி 1956-ஆம் வருஷத்தில் பார்லிமெண்டு இயற்றிய சட்டத்தில் இரண்டு விதிகளை இங்கு நினைவூட்டுகிறோம். தத்துக் கொடுப்பதற்கோ வாங்குவதற்கோ பணம் கைமாறலாகாது என்கிறது 17-வது பிரிவு. முறைப்படி நடந்த தத்தினை எவரும் பின்னர் ரத்து செய்ய இயலாது என்கிறது 15-வது பிரிவு. சுருங்கச் சொன்னால், விலை கூடாது, விலகல் கூடாது. இந்த விதிகள் மனிதக் குழந்தைகளுக்காக ஏற்பட்டவையே. எனினும், வாயில்லா ஜீவனை வீட்டுக்குள் அழைத்து வருகிறவனுக்கும் இவற்றைவிட நல்ல வழிகாட்டி வேறில்லை. இவ்விரண்டையும் வைத்துக்கொண்டே இந்த விஷயத்தை ஆராய்வோம்.

முதலில் விலையைக் கவனிப்போம். கடைக்காரனிடம் ஒரு குட்டியை வாங்குகிறவர், தாம் ஒரு குட்டியைத்தான் வாங்கியதாக எண்ணுகிறார். உண்மையில் அவர் கொடுத்த பணம் அடுத்த ஈற்றுக்குக் கொடுத்த முன்பணமாகும். குட்டியைக் காட்டுகிற வியாபாரி தாயைக் காட்டுவதில்லை. எங்கோ ஒரு கொட்டகையில், கம்பிக் கூண்டுக்குள், ஈன்று ஈன்று எலும்பும் தோலுமாகிவிட்ட அந்தத் தாயைப் பார்த்தால் எத்தனை பேர் பணப்பையைத் திறப்பார்கள்? நாய் வளர்த்து விற்பனை செய்வதை ஒழுங்குபடுத்த 2017-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் விதிகள் செய்தது. வளர்ப்போர் ராஜ்யப் பிராணிநல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது என்பன அவற்றுள் சில. நல்ல விதிகள்தாம். குட்டி வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேர் பதிவுச் சான்றைக் காட்டும்படி கேட்கிறார்கள்? கேளாதவரை விதி காகிதத்திலேதான் இருக்கும். தாயிடமிருந்தும் உடன்பிறந்த குட்டிகளிடமிருந்தும் கடிக்கும் அளவையும் விளையாடும் முறையையும் கற்க வேண்டிய வாரங்களில் குட்டி பிரிக்கப்படுகிறது. பின்னால் அது அஞ்சியும் சீறியும் திரிந்தால், நாயின் மேல் பழி போடுகிறோம்.

இனி, நாகரிகத்தின் பெயரால் நடக்கும் கொடுமை ஒன்றுண்டு. 2003-ஆம் வருஷத்தில் ஒரு கைப்பேசிக் கம்பெனியின் விளம்பரத்தில் ‘பக்’ என்னும் சப்பை முக நாய் ஒன்று சிறுவன் ஒருவனைப் பின்தொடர்ந்து ஓடியது. அவ்வளவுதான், நகரங்களில் எல்லோருக்கும் அந்த நாயே வேண்டியதாயிற்று. மூக்கு உட்புதைந்து, மூச்சுக்குழல் நெருங்கிய அந்தப் பிராணிக்கு நமது சித்திரை வைகாசி வெயிலில் மூச்சு விடுவதே பெரும்பாடு. பனிப்பிரதேசத்தில் வண்டி இழுப்பதற்காக இரட்டை ரோமப் போர்வையுடன் பிறந்த ஹஸ்கி நாயைச் சென்னையின் அடுக்குமாடி வீட்டிலே பூட்டி வைப்பவரும் இருக்கிறார்கள். மோகம் தெளிந்ததும், வைத்தியச் செலவு கண்ணைக் கட்டியதும், இரவோடு இரவாக நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டு வருகிறார்கள். விலைக்கு வாங்கிய பொருளை வேண்டாதபோது வீசிவிடலாம் என்ற புத்தி விலையோடு கூடவே வந்தது அன்றோ? பசியாலும் தாகத்தாலும் வருந்தும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் வருஷத்துப் பிராணிவதைத் தடைச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றம். ஆனால் அச்சட்டம் முதற் குற்றத்துக்கு விதித்த அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமலும் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமலும் என்பதாகும். குட்டியின் கழுத்துப்பட்டைக்கு அதைவிட அதிகம் கொடுத்திருப்பார்கள்!

‘ஜாதி நாய்’ என்ற சொல்லையும் சற்று ஆராய வேண்டும். மேடையிலே ஏறி, பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லையென்று முழங்கும் நண்பர்கள் சிலர், வீட்டுக்கு நாய் வேண்டுமென்றால் அதன் குலமும் கோத்திரமும் விசாரிக்கிறார்கள்; வம்சாவளிப் பத்திரம் கேட்கிறார்கள். தெருவிலே பிறந்தது என்ற ஒரே காரணத்துக்காக, அறிவும் நன்றியும் நிறைந்த ஒரு ஜீவனைப் ‘பறட்டை’ என்று ஒதுக்குகிறார்கள். நாய்க்கு ஜாதி கற்பித்தவன் மனிதனே. ஒரே ரத்தத்தில் திரும்பத் திரும்பக் கூட்டுவதால் பரம்பரை வியாதிகள் பெருகும் என்பது பிராணி வைத்தியர் அறிந்த பாலபாடம். நமது தெருவில் திரியும் நாட்டு நாயோ எவர் தேர்வுக்கும் காத்திராமல், இந்த மண்ணின் வெயிலுக்கும் மழைக்கும் ஈடுகொடுத்துத் தலைமுறை தலைமுறையாக நிலைத்து வந்தது.

சுதேசி நாய் இனங்களைக் காக்க வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். ராஜபாளையம் நாயின் உருவம் 2005-ஆம் வருஷத்தில் தபால் தலையில் இடம்பெற்றது. ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய இனங்களைப் பிரதம மந்திரி 2020-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் தமது வானொலிப் பேச்சில் குறிப்பிட்டு, நாட்டினங்களை வளர்க்கும்படி கேட்டுக்கொண்டார். அவ்வினங்களை எத்தனையோ கஷ்டங்களுக்கிடையே காத்து வந்த தென்பாண்டிக் கிராமத்தாரிடம் நமக்கு மதிப்பு உண்டு. அவர்களோடு நமக்கு வழக்கில்லை. ஆனால் கரிசல் காட்டிலே முயலின் பின் பாய்ந்தோடப் பிறந்த சிப்பிப்பாறையைப் பத்தடி அறையிலே கட்டிப்போட்டுவிட்டு, அதைத் தேசபக்தி என்று சொல்லிக்கொள்வது தகாது. சுதேசியானாலும் விதேசியானாலும் கூண்டு கூண்டுதான்.

காந்தியடிகள் இந்த விஷயத்தில் ஈடுபட்ட வரலாறு நம்மவரில் பலருக்கு மறந்துவிட்டது. 1926-ஆம் வருஷத்தில் ஆமதாபாத்து ஆலை முதலாளி அம்பாலால் சாராபாய், தமது ஆலை எல்லையில் திரிந்த அறுபது நாய்களைக் கொல்லச் செய்தார். அது தவிர்க்க முடியாதது என்று அடிகள் கருதியதை அறிந்து, நாற்புறமிருந்தும் கண்டனக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவற்றிற்கு ‘யங் இந்தியா’வில் தொடர்ந்து பல கட்டுரைகளில் அவர் விடை எழுதினார். கொல்லும் யோசனையை நாம் ஏற்க வேண்டுவதில்லை. கருத்தடையும் தடுப்பூசியும் இன்று நம் கைவசம் இருக்கின்றன. ஆனால் அவர் வாதத்தின் உயிர்நிலை வேறு. எஜமானன் இல்லாத நாய் தெருவில் அலைவது அந்தச் சமூகத்தின் தயைக்கு அடையாளமன்று. அதன் அறியாமைக்கும் சோம்பலுக்குமே அடையாளம் என்றார். மிஞ்சிய சோற்றை எறிந்துவிட்டுப் புண்ணியம் தேடிக்கொள்வது அஹிம்சையாகாது. பொறுப்பை ஏற்பதே அஹிம்சை என்பது அவர் கருத்து. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்துச் சுப்ரீம் கோர்ட்டு தன் ஷரத்திலே வேண்டியதும் இந்தப் பொறுப்பையே அன்றோ?

இத்துறையில் தமிழ்நாடு பின்தங்கியதன்று. ராஜ்யசபையில் பிராணிவதையைத் தடுக்கத் தனி அங்கத்தினராக மசோதா கொண்டுவந்தவர் ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல். அந்த முயற்சியின் பயனாகவே 1960-ஆம் வருஷத்துச் சட்டம் பிறந்தது. 1962-இல் ஏற்பட்ட பிராணிநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. சென்னையில் 1959-ஆம் வருஷம் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் சங்கம், நாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யுங்கள் என்று நெடுங்காலம் வற்புறுத்திற்று. 1996-இல் சென்னை மாநகராட்சி அம்முறையைக் கைக்கொண்டது. இத்தகைய பரம்பரை உடைய நாட்டிலே, குட்டிக்கு விலை பேசுவது பெருமையாகவும், தெருக்குட்டியை எடுப்பது இழுக்காகவும் எண்ணப்படுவது விந்தையிலும் விந்தை.

ஆட்சேபங்களுக்கு வருவோம். தெருக்குட்டி கடிக்கும், வெறிநோய் வரும் என்கிறார்கள். அந்த அச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயினாலேயே வருகிறதென்று உலகச் சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. நோய் முற்றிய பின் மருந்தில்லை. தெருவில் விளையாடும் ஏழைக் குழந்தைகளே பெரும்பாலும் பலியாகிறார்கள். ஆனால் வெறிநோய் குலத்தினால் வருவதன்று. ஊசி போடாமையினால் வருவது. ஏற்றெடுத்த குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி மற்ற நோய்களுக்கான ஊசிகளையும், மூன்றாம் மாதத்தில் வெறிநோய் ஊசியையும் போட்டு, வருஷந்தோறும் புதுப்பித்து வந்தால், அபாயம் ஏறக்குறைய நீங்கிவிடும். ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்பது மருத்துவர் கணக்கு. எஜமானன் உள்ள நாய்க்கு ஊசி போடுவது எளிது. இல்லாத நாயை வலை கொண்டு துரத்த வேண்டும். ஆகவே, குழந்தைகளின் உயிரைக் கருதுகிறவர்களே ஸ்வீகாரத்தை முதலில் ஆதரிக்க வேண்டியவர்கள்.

2019-ஆம் வருஷத்துக் கால்நடைக் கணக்கின்படி தேசத்தில் தெரு நாய்கள் 1 கோடியே 53 லட்சம். ஒருவர் ஒரு குட்டியை எடுத்து என்ன ஆகப்போகிறது என்பது மற்றோர் ஆட்சேபம். இதற்கு விடை பெட்டைக் குட்டியிடம் இருக்கிறது. நம் ஜனங்கள் தெருக்குட்டியை எடுத்தாலும் ஆண் குட்டியையே தேடி எடுக்கிறார்கள்; பெட்டைகளைச் சாக்கிலே கட்டிக் குப்பைமேட்டில் போட்டுவிடுகிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறை ஈன்றாலும் ஈற்றுக்கு நாலைந்து குட்டி. அவற்றின் பெட்டைகளும் அடுத்த வருஷம் தாயாகும். எனவே, ஒரு பெட்டைக் குட்டியை எடுத்து, ஆறாம் மாத அளவில் வைத்தியர் சொற்படி கருத்தடை செய்துவிட்டால், பிறந்து மடியவிருந்த ஒரு வம்சத்தின் துன்பமே தடுக்கப்படுகிறது. குட்டி எடுப்பவர்கள் பெட்டையையே எடுங்கள் என்று வேண்டுகிறோம்.

இனி இரண்டாம் விதி: விலகல் கூடாது. மழையில் நனையும் குட்டியைக் கண்டு இரங்கித் தூக்கி வந்து, பத்தாம் நாள் செருப்பைக் கடித்ததென்று தெருவில் விடுகிறவர், அதை எடுக்காமலே இருந்திருக்கலாம். வீட்டுச் சோற்றுக்குப் பழகிய குட்டி தெருவிலே பிழைக்கத் தெரியாமல் மடியும். நாயின் ஆயுள் பன்னிரண்டு, பதினான்கு வருஷம். வீட்டில் உள்ளோர் யாவரும் சம்மதிக்கிறார்களா, வாடகை வீட்டுக்காரர் இணங்குவாரா, வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள், வைத்தியச் செலவுக்கு வழி உண்டா என்று யோசித்தபின் எடுக்க வேண்டும். இயலாதவர் தெரு நாயைக் கருத்தடைக்குக் கொண்டுபோக உதவட்டும்; அதுவும் தொண்டே.

பிறநாடுகள் சட்டத்தால் வழி திறந்திருக்கின்றன. கலிபோர்னியாவில், கடைகளில் விற்கும் நாய்கள் காப்பகங்களிலிருந்து வந்தவையாக இருத்தல் வேண்டும் என்ற விதி 2019-ஆம் வருஷத்தில் அமலுக்கு வந்தது. இங்கிலாந்தில் 2020-ஆம் வருஷம் முதல் தரகர்கள் ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியை விற்க முடியாது. வாங்குகிறவர் வளர்ப்பவரிடம் நேரே செல்ல வேண்டும், அல்லது காப்பகத்தில் ஏற்க வேண்டும். பிரான்சில் 2024-ஆம் வருஷம் ஜனவரி முதல் கடைகளில் நாய் விற்பதே தடுக்கப்பட்டது. நம் சர்க்காரும் 2017-ஆம் வருஷத்து விதிகளை மெய்யாக அமல் செய்து, பதிவில்லாத வளர்ப்புக் கூடங்களை மூட வேண்டும். ஐம்பது ரூபாய் அபராதத்தைத் திருத்த வேண்டும். ஒவ்வொரு நகரசபையும் ஸ்வீகார முகாம்கள் நடத்தி, ஏற்றெடுத்த நாய்க்கு ஊசியும் கருத்தடையும் இலவசமாகச் செய்து, உரிமக் கட்டணத்தையும் தள்ளிவிட வேண்டும்.

ஆனால் சர்க்கார் அசையும் வரையில் நாம் கைகட்டி இருக்க வேண்டுவதில்லை. பொது வாழ்விலே ஈடுபட்ட நமது வாசகர்கள் தங்கள் வட்டத்திலே இதைத் தொடங்கலாம். தெருவுக்கு ஐந்து குடும்பம் ஐந்து பெட்டைக் குட்டிகளை ஏற்றால், அடுத்த வருஷமே அந்தத் தெருவில் வித்தியாசம் தெரியும். குட்டி விற்பவன் வாசலில் கூட்டம் குறைந்தால், கூண்டுக்குள் ஈன்று தேயும் தாய்க்கும் விடுதலை கிட்டும். இந்தச் சிறு காரியத்துக்குச் சட்டசபையின் அனுமதி தேவையில்லை. வீட்டாரின் சம்மதம் இருந்தால் போதும்.