ஒரே எண், இரண்டு உடம்பு

2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் அருகருகே நிற்கும் படம் ஒன்று வெளிவந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆரோக்கியமான எடை என்று எந்த அட்டவணையும் சொல்லும். ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம்.

இதில் எண்ணைக் குறைசொல்ல முடியாது. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவதுதான் பி.எம்.ஐ. 1830களில் இந்தக் கணக்கைக் கண்டவர் அடால்ஃப் கெட்லே. பெல்ஜியத்து வானியலாளர், மருத்துவர் அல்ல. மக்கள் கூட்டத்தில் 'சராசரி மனிதன்' எப்படியிருப்பான் என்பதே அவர் தேடல். 1972இல் அமெரிக்காவின் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். அந்த எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு தொடையில் இருக்கிறதா வயிற்றுக்குள் இருக்கிறதா என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குத் தெரியாது.

நம்மவர்களுக்குக் கொழுப்பு வயிற்றில்தான் சேர்கிறது. கை கால் மெலிந்திருக்கும், தொப்பை மட்டும் முன்னால் நிற்கும். கருவிலேயே இது தொடங்குகிறது என்பதுதான் மனத்தை உறுத்தும் செய்தி. புனே அருகே கிராமங்களில் பிறந்த குழந்தைகளை யாஜ்னிக் குழுவினர் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். அங்கே சராசரி எடை 3.5 கிலோ, இங்கே 2.7. தசை வெகுவாகக் குறைந்திருந்தது, தோலடிக் கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை.

அதனால்தான் எல்லைக்கோடும் மாறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவுகோலில் 18.5 முதல் 24.9 வரை சரியான எடை, 30க்கு மேல் உடற்பருமன். இந்திய மருத்துவர்கள் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 23 தொட்டாலே அதிக எடை, 25 என்றால் உடற்பருமன். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் பொதுக் கணக்கில் 68 கிலோ வரை கவலையின்றி இருக்கலாம். நம் கணக்கில் அறுபத்திரண்டரையிலேயே விழித்துக்கொள்ள வேண்டும். 67 கிலோவில் 'நார்மல்' என்று நிம்மதியாக வீடு திரும்புகிறவரிடம் இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டாமா?

எடை மெஷினோடு ஒரு தையல்கார டேப்பும் வேண்டும். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. பேன்ட் சைஸை வைத்து இதைத் தீர்மானிப்பது தவறு. தொப்பை உள்ளவர்களின் பேன்ட், தொப்பைக்குக் கீழே இறங்கித்தான் நிற்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை வெளியே விட்டபிறகு பார்க்க வேண்டும்.