டைமிங் பிழையா, வியாபாரம் பிழையா?

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் எவருக்கும், பட்டியலோடு வரும் வாடிக்கையாளரைக் கண்டால் சந்தோஷம்தான். பிளக் நான்கு, கொயில் ஒரு சோடி, பெற்றோல் பம்ப் ஒன்று என்று எழுதிய துண்டை நீட்டுவார். நாம் எடுத்து வைத்து, பில் போட்டு, ஸலாம் சொல்லி அனுப்பிவிடுவோம். "ஏன் இதையெல்லாம் மாற்றுகிறீர்கள்?" என்று கேட்பதில்லை. கேட்டால் வியாபாரம் கெட்டுவிடும் என்று ஒரு பயம். நானும் பல வருடங்கள் அப்படித்தான் இருந்தேன். ஒரு லான்சர் கார்தான் என் கண்ணைத் திறந்தது.

அக்குறணைப் பக்கத்து வாலிபர் ஒருவர். புடைவை வியாபாரம் செய்கிறார். காரில் பெரிய ஆசை. பழைய மிட்சுபிஷி லான்சர் ஒன்றில் 4ஜி63 டர்போ என்ஜினைப் பூட்டி, டர்போவின் அமுக்கத்தையும் கூட்டி ஓடிக்கொண்டிருந்தார். சில மாதங்களில் வண்டிக்கு இழுவை குறைந்துவிட்டது. கடுகண்ணாவ ஏற்றத்தில் என்ஜின் கொதிக்கிறது. இரவில் பொனட்டைத் திறந்தால் எக்ஸோஸ்ட் மெனிபோல்ட் நெருப்பாகச் சிவந்திருக்கிறது.

முதல் தடவை வந்து கொயிலும் பிளக்கும் வாங்கினார். இரண்டாம் தடவை பெற்றோல் பம்ப். மூன்றாம் தடவை, "ஹாஜியார், டர்போவும் போய்விட்டதாம். நல்லதாக ஒன்று பார்த்துத் தாருங்கள்" என்றார். என்னிடம் ஒன்று இருந்தது. நல்ல இலாபமும் இருந்தது. ஆனால் பிள்ளையின் முகத்தைப் பார்த்தபோது மனம் கேட்கவில்லை.

"தம்பி, டைமிங் பார்த்தீர்களா?" என்று கேட்டேன்.

"மூன்று கராஜில் லைட் அடித்துப் பார்த்தாயிற்று. அடையாளம் சரியாக 5 டிகிரியில் நிற்கிறது" என்றார்.

டர்போவை விற்காமல் அவரை மாளிகாவத்தையில் எனக்குத் தெரிந்த வயதான சிங்கள பாஸ் ஒருவரிடம் கூட்டிப்போனேன்.

லைட் பொய் சொல்லுமா?

இந்தத் தொழிலில் இல்லாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்கம் சொல்ல வேண்டும். என்ஜினில் டைமிங் இரண்டு வகை. வால்வுகள் எப்போது திறந்து மூடுகின்றன என்பது ஒன்று. அதை டைமிங் பெல்ட் தீர்மானிக்கிறது. பெல்ட் ஒரு பல் தவறினாலும் இழுவை போய்விடும். அதிகம் தவறினால் இந்த என்ஜினில் வால்வில் பிஸ்டன் மோதும். ஹெட்டைச் சீவிப் பூட்டியிருந்தாலும் கேம் டைமிங் சற்றுப் பின்னுக்குப் போகும். மாற்றம் செய்த கார்களில் இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மற்றது, பிளக் எப்போது பொறி தட்டுகிறது என்பது. பழைய வகை 4ஜி63 என்ஜினில் இதைப் பார்க்க, அதற்கென்று உள்ள வயரை எர்த் பண்ண வேண்டும். அப்போது கொம்பியூட்டர் தன் பாட்டில் கூட்டிக் குறைப்பதை நிறுத்தும். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 5 டிகிரி முன்பாகப் பொறி தட்டினால் சரி. டைமிங் லைட்டை அடித்து, கிராங்க் புல்லியில் உள்ள அடையாளத்தைப் பார்த்துச் சொல்வார்கள்.

பாஸ் லைட்டைத் தொடவேயில்லை. முதலில் கொம்பிரஷன் பார்த்தார். பிறகு பெல்ட் மூடியைக் கழற்றி கேம் அடையாளங்களைப் பார்த்தார். இரண்டும் சரி. அதன்பின் முதலாம் பிளக்கைக் கழற்றி, பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் ஒரு கட்டையை அந்தத் துளையில் பூட்டினார். என்ஜினை ஸ்டார்ட்டரால் அல்ல, கையால் மெதுவாக ஒரு பக்கம் சுற்றினார். பிஸ்டன் முட்டிய இடத்தில் புல்லியில் கோடு போட்டார். மறுபக்கம் சுற்றி முட்டிய இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் சரிநடுவே உள்ளதுதான் உண்மையான உச்சி. புல்லியில் அச்சடித்திருந்த அடையாளமோ அங்கிருந்து 10 டிகிரி தள்ளி நின்றது.

காரணம் இதுதான். அந்தப் புல்லி ஒரே துண்டு அல்ல. உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையில் றப்பர் இருக்கிறது. றப்பர் காய்ந்து வெடித்ததால், பெல்ட்டின் இழுப்பில் வெளிவளையம் பின்னுக்கு நழுவிவிட்டது. அடையாளம் இருப்பது வெளிவளையத்தில். ஆகவே லைட் 10 டிகிரி கூட்டிக் காட்டியது. மெக்கானிக்மார் அதை நம்பி 10 டிகிரி குறைத்துவிட்டார்கள். பிஸ்டன் உச்சியைத் தாண்டி 5 டிகிரி கீழே இறங்கிய பின்புதான் பொறி. பிந்திப் பற்றிய நெருப்பு, எக்ஸோஸ்ட் வால்வு திறந்த பிறகும் எரிந்துகொண்டிருக்கிறது. அந்தச் சூடுதான் மெனிபோல்ட்டையும் டர்போவையும் சிவக்க வைத்தது. கொயிலிலும் குறையில்லை, பம்பிலும் குறையில்லை, டர்போவிலும் குறையில்லை.

நழுவல் மறுபக்கமாக இருந்து, பொறி முந்தியிருந்தால் இன்னும் ஆபத்து. அமுக்கம் கூட்டிய டர்போ என்ஜினில் நம் நாட்டு ஒக்டேன் 92 ஊற்றி, பொறியும் முந்தினால் என்ஜின் தட்டும், பிஸ்டன் உடையும்.

குறை என் கடையில்

இனித்தான் சொல்ல வெட்கப்படும் விடயம். பாஸ் புல்லியைக் கழற்றிக் கையில் தந்தபோது, அதில் வெள்ளைப் பெயின்டால் எழுதிய ஓர் எண்ணைக் கண்டேன். என் கடைப் பையன் போடும் எண். முதல் வருடம் என் கடையில் வாங்கிய பழைய புல்லி அது. றப்பரில் இருந்த வெடிப்பை விற்கும்போதே கண்டிருக்கலாம். நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அந்த வெடிப்பால் வந்த வருத்தத்துக்கு மருந்தாக, கொயிலையும் பம்பையும் நானே இலாபத்தோடு விற்றிருக்கிறேன்.

சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். மழை பட்டது என்று அவர் சொன்ன காரணம் உண்மைதான். ஆனால் ஈரத்தை மேலே வைத்து, வாங்குபவர் காண விட்டிருக்க வேண்டும் என்பதுதான் அங்கே பாடம்.

"விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று பில்லில் அச்சடித்துவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கிறோம். என் பில்லிலும் அது இருந்தது. மறைந்திருந்த குறைக்காகப் பொருளைத் திருப்பித்தரும் உரிமையை மார்க்கம் வாங்குபவருக்குக் கொடுத்திருக்கிறது. ஒரு வரி அச்சால் அதை எப்படி அழிப்பது? புல்லியின் காசையும், தேவையில்லாமல் வாங்கிய கொயில், பம்ப் காசையும் திருப்பிக் கொடுத்தேன். பாஸின் கூலியையும் நானே கொடுத்தேன். அந்த வரியையும் பில்லிலிருந்து எடுத்துவிட்டேன்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. 2022இல் ரூபாய் விழுந்ததோடு உதிரிப்பாக விலையும் எங்கோ போய்விட்டது. பழைய வண்டியை வைத்துச் சமாளிக்கும் மனிதனுக்கு, பிழையான பொருள் ஒன்றை வாங்குவது ஒரு மாதச் சாப்பாட்டுக் காசை இழப்பது போன்றது.

ஆகவே சக வியாபாரிகளிடம் மூன்று விடயங்கள் கேட்கிறேன். பட்டியலோடு வருபவரிடம், "எதைப் பரீட்சித்துப் பார்த்துவிட்டு இதை வாங்குகிறீர்கள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பழைய பொருளை வெளிச்சத்தில் பிடித்து, இருக்கும் குறையை பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். றப்பர் உள்ள புல்லி என்றால், உள்வளையம் முதல் வெளிவளையம் வரை பெயின்டால் ஒரே கோடு இழுத்துக் கொடுங்கள். நழுவினால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். இதற்கு ஒரு நிமிடம்கூடச் செல்லாது.

அந்த வாலிபர் டர்போ வாங்கவில்லை. ஆனால் அதன்பின் அக்குறணையிலிருந்து எத்தனையோ பேரை என் கடைக்கு அனுப்பியிருக்கிறார். ஒரு டர்போவின் இலாபத்தை விட்டதால் நான் ஏழையாகிவிடவில்லை. அல்லாஹ் நம் எல்லோருடைய வியாபாரத்திலும் பரக்கத் செய்வானாக.