மாரடைப்பு இல்லை, அப்புறம்?



உங்கள் இதழில் வந்த பீதித் தாக்குதல் பற்றிய கட்டுரை மிகவும் தேவையானது. பேருந்தில் போகும்போது என் தம்பி மனைவிக்குத் திடீரென நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்துப்போயின. மாரடைப்பு என்று பதறி ஒரு மருத்துவமனைக்கு ஓடினோம். இ.சி.ஜி. சரியாக இருந்தது, "ஒன்றுமில்லை, கேஸ்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு அவர் பேருந்து ஏறவே அஞ்சினார். எங்கள் அம்மா மந்திரிக்க அழைத்துப்போனது தனிக்கதை! கடைசியில் மனநல மருத்துவர்தான் விளக்கினார்: இந்தப் பீதி சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானே தணியும், பேச்சு சிகிச்சையாலும் மருந்தாலும் கட்டுப்படும்.

இதயத்தில் கோளாறில்லை என்று அனுப்பும்போதே, மனநல மருத்துவரையும் பாருங்கள் என்று சீட்டில் எழுதித் தரலாமே. தமிழிலும் பேசக்கூடிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அவசரப் பிரிவுகளில் ஒட்டிவைக்கச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

ஒரு வாசகி, திண்டுக்கல்