கௌரவத்தைக் கடன் கொடுத்தவர்கள்

ஒருவனை ஏமாற்றுவதை, அவன் கண்களின்மேல் கம்பளியை இழுத்துவிடுவது என்று ஆங்கிலேயர் சொல்வார்கள். கண்ணில் மண்ணைத் தூவுவது என்று நாம் சொல்கிறோம். பெங்களூரில் நம் அண்டை வீட்டுக் கன்னடியர்களோ நம்மைப் போலவே காதில் பூ வைப்பதைப் பற்றியும் பேசுகிறார்கள். வழக்குகள் பலவானாலும் அவற்றின் அடியில் கிடக்கும் அபிப்பிராயம் ஒன்றுதான்: ஏமாந்தவன் சரியாகப் பார்க்கத் தவறியவன், கண்ணைத் திறந்து வைத்திருந்தால் தப்பியிருப்பான் என்பது. 2019ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அதே பெங்களூரின் சிவாஜிநகரத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்கும்போது, இந்த அபிப்பிராயம் ஏமாந்தவர்களுக்கு நாம் இழைக்கும் இரண்டாவது அநீதி என்றே எனக்குத் தோன்றுகிறது.

ரம்ஜான் பண்டிகை கழிந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். லேடி கர்ஸன் சாலையில் 'ஐ மானிட்டரி அட்வைஸரி', சுருக்கமாக ஐ.எம்.ஏ., என்ற ஸ்தாபனத்தின் பூட்டிய கதவுக்கு முன்னால், பர்தா அணிந்த தாய்மார்களும், பென்ஷன் பணத்தை ஒப்படைத்திருந்த முதியவர்களும், அரபு நாடுகளில் சம்பாதித்ததைக் கொண்டுவந்து போட்டிருந்த இளைஞர்களும் ஆயிரக்கணக்கில் திரண்டு நின்றார்கள். ஸ்தாபனத்தின் அதிபர் மன்சூர் கான், தாம் பலருக்கும் லஞ்சம் கொடுத்து நொடித்துப்போனதாகவும் உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாகவும் பேசிய குரல்பதிவு கைப்பேசிகளில் பரவிக்கொண்டிருந்த அந்த வேளையில், மனிதர் சௌக்கியமாக துபாய் போய்ச் சேர்ந்திருந்தார். ஜூலை மாதம் திரும்பிவந்து டில்லியில் கைதானார். ஆகஸ்டு மாதத்தில் வழக்கு சி.பி.ஐ. வசம் போயிற்று. சுமார் 4,000 கோடி ரூபாய் முதலீடாகத் திரட்டப்பட்டிருந்ததாகவும், 40,000க்கும் மேற்பட்டோர் புகார் கொடுத்ததாகவும் பின்னர் தெரியவந்தது.

இவர்கள் எதைப் பார்க்கத் தவறினார்கள்? 2006ஆம் வருஷம் தொடங்கிய ஸ்தாபனம் பதின்மூன்று வருஷம் ஊரின் நடுவே பகிரங்கமாக நடந்தது. அதற்கு நகைக்கடை இருந்தது, மருந்துக்கடை இருந்தது, ஆஸ்பத்திரியும் இருந்தது. சிவாஜிநகரத்திலேயே பாழடைந்து கிடந்த வி.கே. ஒபேதுல்லா அரசுப் பள்ளியை அது தன் செலவில் புதுப்பித்து, ஆசிரியர் பலருக்குச் சம்பளமும் கொடுத்து, தனியார் பள்ளிகளே பொறாமைப்படும்படி ஆக்கிக் காட்டியது. விழாக்களுக்கு அரசியல் பிரமுகர்கள் வந்து மாலை ஏற்றார்கள். மதகுருமார் சிலரும் நல்வாக்குச் சொன்னார்கள். வட்டி வாங்குவது தம் மார்க்கத்துக்கு விரோதம் என்று வங்கியில் வைப்புத்தொகை போடவும் கூசிய பக்திமான்கள், இங்கே கிடைப்பது வட்டியன்று, ஹலாலான வியாபார லாபத்தில் பங்கு என்று சொல்லப்பட்டபோது, அதைச் சரிபார்க்கத் தமக்கிருந்த எல்லா வழிகளிலும் சரிபார்த்துவிட்டுத்தான் பணத்தைக் கொடுத்தார்கள் என்று சொல்ல வேண்டும். மறைத்து வைத்து ஏமாற்றியதாக இதைச் சொல்வதற்கில்லை. பிரத்தியட்சமாகக் காட்டி ஏமாற்றிய காரியம் இது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிரத்தியட்சம், மாதாமாதம் வந்த பணம். நூற்றுக்கு மூன்று வீதம் வருகிறதென்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்ச ரூபாய் போட்டவருக்கு மாதம் 3,000. முப்பத்துமூன்று மாதம் தவறாமல் வாங்கினாலும் அவர் கைக்கு வந்திருப்பது 99,000 ரூபாய்தான், அதாவது அவர் கொடுத்த முதலே இன்னும் முழுதாகத் திரும்பியிருக்காது. ஏறக்குறைய மூன்று வருஷ காலம் ஒரு வியாபாரமும் செய்யாமலே ஒருவருடைய பணத்தை அவருக்கே லாபமென்று கொடுத்துக்கொண்டிருக்கலாம். அதற்குள் அந்த மனிதர், 'எனக்கு வருகிறதே' என்று சொல்லித் தம் தங்கையையும் சம்பந்தியையும் அழைத்து வந்துவிடுவார். 1920இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், 45 நாளில் நூற்றுக்கு ஐம்பது லாபம் தருவதாக ஆசைகாட்டிய சார்லஸ் பான்ஸி செய்ததும் இதைத்தான்.

ஆனால் சட்டத்துக்காகச் செய்த ஏற்பாடுதான் உண்மையிலேயே சாமர்த்தியமானது. பணம் போட்டவர்களை வைப்பாளர்களாக அல்லாமல், வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை நிறுவனங்களின் பங்குதாரர்களாகப் பத்திரத்தில் காட்டினார்கள். பங்குதாரர் போடுவது மூலதனமே தவிர டெபாசிட் அல்லவாகையால், முதலீட்டாளர்களைக் காக்கவென்றே கர்நாடகத்தில் 2004இல் இயற்றிய சட்டம் தம்மைத் தொடாது என்று வாதிக்க இடம் கிடைத்தது. ரிசர்வ் வங்கி எச்சரித்ததன்பேரில் நடந்த விசாரணையோ ஸ்தாபனத்துக்குச் சாதகமாகவே முடிந்தது. அப்படி முடித்துக்கொடுக்க லஞ்சம் வாங்கியதாகக் குற்றம் சாட்டி, வருவாய்த்துறையின் உயர் உத்தியோகஸ்தர்களையே சிறப்புப் புலனாய்வுக் குழு பிற்பாடு கைதுசெய்தது. சர்க்காரே சந்தேகமில்லை என்று சொன்ன இடத்தில், சிவாஜிநகரத்து ரஸல் மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று உபதேசம் செய்ய எந்த யோக்கியதை நமக்கு இருக்கிறது?

'பேராசை பெருநஷ்டம்' என்று சொல்லிவிடுவது சுலபம். வேண்டியவர்களுக்கு அது மிகவும் சௌகரியமானதும்கூட. ஏனெனில் குற்றம் முழுவதும் ஏமாந்தவன் தலையில் இறங்கிவிடுகிறது. தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 2012இல் பெருந்துறைப் பக்கத்து ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்வதற்கு முன்னால், நம் வீட்டுத் தொலைக்காட்சியில் வந்து அவற்றைப் புகழ்ந்தவர்கள் சினிமா நட்சத்திரங்கள். திருப்பூரில் பாசி நிதி நிறுவனம் விழுந்தது 2009இல். அதை நடத்தியவர்களுக்குக் கோவை நீதிமன்றம் 27 வருஷச் சிறை விதித்தது 2022இல். சுருட்டியவன் தாமதமாகவேனும் தண்டனை பெறுகிறான். அவனுக்குத் தம் முகத்தையும் பெயரையும் பதவியையும் கடன் கொடுத்தவர்கள், 'எனக்கென்ன தெரியும்' என்ற ஒரு வாக்கியத்தோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கடன் கொடுக்க அவர்களிடம் இருந்த கௌரவம் ஜனங்கள் கொடுத்தது என்பதுதான் இதில் எனக்கு ஆறாத விஷயம்.

விளம்பரத்தில் நடிப்பவர், தாம் புகழும் பொருளைப் பற்றித் தகுந்த அளவு விசாரித்திருக்க வேண்டுமென்று 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எதிர்பார்க்கிறது. தவறினால் பத்து லட்ச ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் இடமுண்டு. அதே வருஷம், ஐ.எம்.ஏ. விழுந்த மறு மாதமே, முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் மத்தியச் சட்டமும் பிறந்தது. ஆனால் கூட்டாண்மை நிறுவனங்களில் பங்குதாரர் போடும் மூலதனத்தை அது டெபாசிட் என்ற வரையறைக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. முன்பின் அறியாத ஆயிரக்கணக்கான பேரிடம் வசூலித்துவிட்டு அவர்களையெல்லாம் பங்குதாரர் என்று அழைக்கும் வழியைப் பார்லிமெண்டு அடைக்க வேண்டும். நடிகருக்கு விதித்த நிபந்தனையை, நிதி ஸ்தாபனங்களின் வாசலில் ரிப்பன் வெட்டும் மந்திரிகளுக்கும் சட்டசபை உறுப்பினர்களுக்கும், கேட்காமலே நற்சாட்சி வழங்கும் பெரிய மனிதர்களுக்கும் விதிக்க வேண்டும்.