இரவல் மனையில் எழுதியவை

வலைப்பதிவுச் சேவைகள் நம்மைக் கைவிட்டன என்று புலம்புகிறோம். இரவல் மனையில் பத்திரம் பாராமல் வீடு கட்டியவர்கள் நாம்தாம்.

2009 அக்டோபரில் யாகூ ஜியோசிட்டீஸை மூடியது. இலவச இடத்தின் ஆயுள் எவ்வளவு என்பது அன்றே தெரிந்தது, நாம் கற்கவில்லை. 2012-இல் கூகுள் இந்திய வாசகர்களை பிளாக்ஸ்பாட்.காமிலிருந்து பிளாக்ஸ்பாட்.இன் முகவரிக்குத் திருப்பியது. எழுதியவனை எவரும் கேட்கவில்லை. நாமும் அந்தப் புதிய முகவரியையே சுட்டிகளாகக் கட்டுரைதோறும் பதித்தோம். 2018-இல் அந்தத் திருப்பல் நின்றது. 2020-இல் அந்த '.இன்' பெயரே கூகுளின் கையைவிட்டுப் போயிற்று, சுட்டிகள் செத்தன. கட்டுரை இருக்கிறது, அதற்கு நாம் காட்டிய வழி இல்லை. விவாதத்தில் மறுப்பு மட்டும் எஞ்ச, மறுக்கப்பட்டது எதுவென வாசகன் தேடவேண்டியிருக்கிறது.

சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959-இல் தொடங்கி 1970-இல் நின்றது. நின்றது இதழ், எழுதப்பட்டவை அழியவில்லை. வாங்கியவர் வீடுகளிலும் நூலகங்களிலும் பிரதிகள் இருந்தன. அந்தச் சிதறலே அதன் காப்பு.

இன்று எங்கள் சிறுசேரி சிப்காட்டில் தரவு மையங்கள் எழுந்து நிற்கின்றன. ஆக, இடப்பஞ்சம் அன்று நம் நோய்; பிரதி எடுக்கும் கடமையைப் பிறர் தலையில் கட்டிய சோம்பலே நோய். பிளாக்கரில் காப்புக் கோப்பை இறக்கிக்கொள்ளும் வசதி உண்டு. நம்மில் எத்தனை பேர் இறக்கியிருக்கிறோம்? சொந்தப் பெயரில் ஒரு முகவரி, வீட்டில் ஒரு பிரதி, நண்பரிடம் ஒரு பிரதி. இவ்வளவும் செய்யாதவர் தம் எழுத்து காலத்தை வெல்லும் என்று பேசாதிருப்பது நலம்.