வட்டத்துக்கு அரை நியாயம்

கதை எழுதுகிறவனுக்குக் கணிதத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி கண்ணீரோடு வந்து நின்றாளே, அந்த வேலைதான்.

"கால் வட்டக் கோணத்துக்குக் கால் பை என்று எழுதினேன், தாத்தா. அரைப் பையாம். 'மண்டு' என்று வாத்தியார் திட்டிவிட்டார்."

விடை தவறுதான், ஆனால் மண்டு அவளல்ல. வட்டம் போடக் கவராயத்தை விரிக்கிறோமே, அந்த அகலம்தான் ஆரம். வட்டத்தைப் பிறப்பிப்பது அதுவே. அல் காஷி 1424-ல் சுற்றளவை ஆரத்தால் வகுத்த எண்ணைத்தான் 16 தசம இடங்கள் வரை கணித்தார். அது 6.28 சொச்சம். 1706-ல் வில்லியம் ஜோன்ஸோ சுற்றளவை விட்டத்தால் வகுத்து, வந்த 3.14 சொச்சத்துக்குப் 'பை' என்று பெயர் சூட்டினார். ஆய்லர் கைபட்டதும் அது நிலைத்துவிட்டது. முழு வட்டத்துக்கு இரண்டு பை. கால் வட்டத்துக்கு அரை!

2001-ல் பாப் பாலே என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 'பை தவறு' என்றே கட்டுரை எழுதினார். 6.28-க்கு 'டௌ' என்று பெயர் வைப்போம் என்றார் மைக்கேல் ஹார்ட்டில், 2010-ல். முழு வட்டம் ஒரு டௌ. கால் வட்டம் கால் டௌ. குழந்தைக்கும் புரியும்.

பரப்பளவுச் சூத்திரத்தில் பைதான் அழகு என்பார்கள். டௌ வந்தால் அங்கே ஓர் 'அரை'யும் வரும், வரட்டுமே! வட்டத்தை மெல்லிய முக்கோணங்களாக நறுக்கிப் பாருங்கள். முக்கோணப் பரப்பில் வருகிற அதே அரைதான் அது. அதை மறைப்பதா அழகு?

பழக்கத்தை மாற்றுவது கடினம் என்கிறார்கள். மெய்தான். ஆனால் முந்நூறு வருஷப் பழக்கத்தைக் காப்பாற்ற, சரியாக யோசித்த பெண்ணை மண்டு என்பது எந்தக் கணக்கில் சேர்த்தி?